கடைக் கணினியிலிருந்து குறுஞ்செய்தி: கொடுத்த பணத்துக்குக் கைமேல் ரசீது



மொத்த வியாபாரத்தில் சரக்கு பாதி, சேதி பாதி. விருதுநகரில் துவரை என்ன விலை, சித்தோட்டில் வெல்லம் என்ன விலை, காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் டின் என்ன விலை என்பது காலையில் தெரிந்தால்தான் அன்றைய விலையைத் தைரியமாகச் சொல்ல முடியும். ஒரு காலத்தில் இதற்கு அஞ்சலட்டை வந்தது. அவசரமென்றால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். இன்னும் அவசரமென்றால் தந்தி. தந்திக்குச் சொல் கணக்கில் காசு. ஆகவே சொல்ல வேண்டியதைச் சுருங்கச் சொல்லும் பழக்கம் நமது பெரியவர்களுக்குத் தானாகவே வந்துவிட்டது. அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது.

தந்தி செய்த வேலையை இன்று குறுஞ்செய்தி, அதாவது எஸ்.எம்.எஸ்., செய்கிறது. வங்கி அனுப்புகிறது, மின் வாரியம் அனுப்புகிறது, ரேஷன் கடை அனுப்புகிறது. நாம் மட்டும் வாங்கிப் படிக்கும் இடத்திலேயே நிற்கிறோம். ஒரு பழைய கணினி, ஒரு சிம் கார்டு, காசு கொடுத்து வாங்க வேண்டாத லினக்ஸ் மென்பொருள் ஆகிய மூன்றும் இருந்தால், நமது கடையிலிருந்தும் குறுஞ்செய்தி அனுப்பலாம், வருவதை வாங்கிக் கணக்கில் சேர்க்கலாம். இது எப்படி நடக்கிறது, நமக்கு என்ன பயன், எந்தக் கோட்டைத் தாண்டினால் ஆபத்து என்பவற்றை நமது உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

முதல் செய்தியே கணினியிலிருந்துதான்

குறுஞ்செய்தி என்றால் கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குப் போவது என்றுதான் நாம் நினைக்கிறோம். உலகத்தின் முதல் குறுஞ்செய்தி அப்படிப் போகவில்லை. 1992 டிசம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் ஒரு கணினியில் தட்டி, வோடஃபோன் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜார்விஸ் என்பவரின் கைப்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அந்தக் கைப்பேசியில் செய்தியைப் படிக்க முடிந்தது, பதில் அனுப்ப வசதி இல்லை. ஆக, கணினியும் குறுஞ்செய்தியும் பிறவியிலேயே சொந்தக்காரர்கள்.

இது ஓடும் விதம் தபால் ஆபீஸ் போன்றதுதான். நாம் அனுப்பும் செய்தி நேரே எதிராளியின் கைப்பேசிக்குப் போவதில்லை. முதலில் கைப்பேசி நிறுவனத்தின் செய்தி மையத்துக்குப் போகிறது. எதிராளியின் போன் அணைந்திருந்தால் மையம் அதை வைத்திருந்து, போன் உயிர் பெற்றதும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. இதற்கு இணையம் தேவையில்லை, பெரிய போனும் தேவையில்லை. பொத்தான் போன் போதும். நமது லைன் கடைக்காரர்களில் வயதானவர்கள் பலர் இன்னும் பொத்தான் போன்தான் வைத்திருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அரசாங்கக் கணினிகள் செய்வது

தமிழ்நாட்டில் 2017இல் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்த பிறகு, கார்டுதாரர் சர்க்கரையும் பருப்பும் வாங்கியதும் அவர் கொடுத்து வைத்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகிறது. வாங்காத பொருளை வாங்கியதாகச் செய்தி வந்தால் அந்த அம்மையார் கடைக்கு வந்து கேட்கிறார். ஒரு வரிச் செய்தி ஒரு கண்காணிப்பாளரின் வேலையைச் செய்கிறது.

வாங்கும் பக்கத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 ஜூன் 8ஆம் தேதி முதல், ஒரு மாதத்தில் கொள்முதலும் விற்பனையும் வரியும் எதுவுமே இல்லாத வியாபாரி, ஜி.எஸ்.டி. 3பி படிவத்தைக் குறுஞ்செய்தியிலேயே தாக்கல் செய்யும் வழி திறக்கப்பட்டது. பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 14409 என்ற எண்ணுக்குக் குறிப்பிட்ட முறையில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். ஆறு இலக்கக் குறியீடு ஒன்று பதிலாக வரும். அதைத் திருப்பி அனுப்பி உறுதி செய்தால் தாக்கல் முடிந்தது. அந்தப் பக்கம் செய்தியைப் படித்துப் புரிந்து பதில் சொல்வது மனிதர் அல்ல, கணினி.

இதையே சிறிய அளவில் நாமும் செய்யலாம்.

லைன் வசூலில் உள்ள சங்கடம்

திருப்பூர் வட்டாரத்தின் பலசரக்கு வியாபாரம் பனியன் கம்பெனிச் சம்பளத்தோடு கட்டிப் போட்டது. சனிக்கிழமை வாரச் சம்பளம் கொடுத்தால், சனி இரவும் ஞாயிறும் சில்லறைக் கடையில் கூட்டம். வாரம் முழுவதும் நோட்டில் எழுதிய பாக்கி அப்போதுதான் கடைக்காரர் கைக்கு வருகிறது. திங்களும் செவ்வாயும் மொத்த வியாபாரிக்கு வசூல் நாள். தீபாவளி போனஸ் வந்தால் பழைய பாக்கி அடைகிறது. பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால் கடையும் தெருவும் வெறிச்சோடுகின்றன.

இந்தச் சுழற்சியில் பணம் பல கை மாறுகிறது. லைன் வண்டியில் போகும் பையன் ஒரு நாளில் இருபது, முப்பது கடைகளில் வாங்குகிறான். அவசரத்தில் ஒரு கடையில் ரசீது போடுவான், ஒரு கடையில் நோட்டில் கையெழுத்துப் போடுவான், ஒரு கடையில் அதுவும் இராது. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது கடைக்காரர் கொடுத்தேன் என்பார், பையன் வாங்கவில்லை என்பான், நமது பேரேட்டிலும் வரவு இராது. ஐயாயிரம் ரூபாய்க்காக இருபது வருடப் பழக்கம் முறிந்துபோன கதைகள் நமது தொழிலில் ஏராளம். இதில் யாரும் கெட்டவர் அல்ல. கொடுத்த நிமிடத்திலேயே இரு தரப்புக்கும் தெரிகிற எழுத்து ஒன்று இல்லாததுதான் குறை.

எங்கள் ராயபுரம் கடையில் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு மிக எளியது. ஒவ்வொரு கடைக்கும் ஓர் எண் உண்டு. பையன் பணம் வாங்கியதும் தன் போனிலிருந்து கடைக் கணினியின் எண்ணுக்கு, கடை எண்ணையும் தொகையையும் மட்டும் அனுப்புகிறான். 37ஆம் எண் கடையில் ஐயாயிரம் வாங்கினால் '37 5000', அவ்வளவுதான். கணினி முதலில் இது நமது பையனின் எண்ணிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கிறது. பிறகு தேதி, நேரத்துடன் வரவை எழுதி, பாக்கிப் பட்டியலில் கழித்து, அந்தக் கடைக்காரரின் போனுக்கு 'வரவு ரூ.5000. பாக்கி ரூ.12400. நன்றி.' என்று அனுப்புகிறது. பெரும்பாலும் பையன் வண்டியை எடுக்கும் முன்பே கடைக்காரரின் போன் சத்தம் கொடுத்துவிடுகிறது. தொகை தப்பாக இருந்தால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். பையன்களுக்கும் இதில் நிம்மதிதான். தங்கள் பேரில் பழி வராது என்று அவர்களே சொல்கிறார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். பாக்கித் தொகை ஒருவருடைய மானம் சம்பந்தப்பட்டது. அது கடை உரிமையாளரின் சொந்த எண்ணுக்கு மட்டுமே போக வேண்டும். கல்லாவில் நிற்கும் வேலையாளின் எண்ணுக்கோ, தெரியாமல் மாறிப்போன எண்ணுக்கோ போகக் கூடாது. ஆகவே எண்களை வருடத்துக்கு ஒருமுறை நேரில் கேட்டுச் சரிபார்ப்பது நல்லது.

லினக்ஸ் எதற்கு?

லினக்ஸ் என்பது விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியதை உலகம் முழுவதும் உள்ள ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். லைசென்ஸ் கட்டணம் கிடையாது. பழைய கணினியிலும் ஓடும். மாதக்கணக்கில் அணைக்காமல் விட்டாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவை முடித்துக்கொண்டது. அதனால் ஓரங்கட்டப்பட்ட கணினிகள் பல கடைகளில் மூலையில் தூங்குகின்றன. அவற்றுக்கு இது ஏற்ற வேலை.

லினக்ஸ் நமக்கு அந்நியமும் அல்ல. சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் 'பாஸ்' என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கான லினக்ஸை உருவாக்கியது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் இந்த பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். நமது வீட்டுப் பிள்ளைகள் படித்து முடித்து, பரணில் ஏறிவிட்ட அந்த மடிக்கணினியே கூடப் போதும். பாட்டரி கொஞ்சமாவது தாங்கினால் மின்தடைக்கும் கவலையில்லை.

பில் போடும் கணினியில் கை வைக்க வேண்டாம். டாலி போன்ற கணக்கு மென்பொருள்கள் விண்டோஸில்தான் ஓடுகின்றன. அவை அங்கேயே இருக்கட்டும். குறுஞ்செய்திக்கென்று தனிக் கணினி வைப்பதே புத்திசாலித்தனம்.

இரண்டு வழிகள்

முதல் வழி மிகச் சுலபம். ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் கடை சிம்மைப் போட்டு, 'கேடிஇ கனெக்ட்' என்ற இலவச மென்பொருளைப் போனிலும் கணினியிலும் நிறுவ வேண்டும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால், போனுக்கு வரும் செய்தியைக் கணினித் திரையில் படிக்கலாம், கீபோர்டில் தட்டிப் பதிலும் அனுப்பலாம். ஆனால் உட்கார்ந்து தட்ட ஓர் ஆள் வேண்டும்.

இரண்டாவது வழியில் ஆள் வேண்டாம். சிம் போடும் யு.எஸ்.பி. டாங்கிள் ஒன்றைக் கணினியில் செருகி, 'கம்மு' என்ற இலவச மென்பொருளை நிறுவ வேண்டும். பெயர்தான் கம்மு, ஆனால் கம்மென்று இருப்பதில்லை. அதனுடன் வரும் ஒரு பகுதி இரவும் பகலும் பின்னணியில் ஓடி, டாங்கிளைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அனுப்ப வேண்டிய செய்தியை 'வெளியே போவது' என்ற பெட்டியில் போட்டால் எடுத்து அனுப்பிவிடுகிறது. வந்த செய்தியை 'உள்ளே வந்தது' என்ற பெட்டியில் போடுகிறது. ஒவ்வொரு செய்தி வந்ததும் நாம் எழுதி வைத்த சிறு நிரல் ஒன்றை ஓட்டவும் அதற்குத் தெரியும். மேலே சொன்ன '37 5000' கணக்கு நடப்பது அந்தச் சிறு நிரலால்தான். லினக்ஸ் பழகிய கல்லூரிப் பிள்ளை ஒருவர் உட்கார்ந்தால் எழுதிவிடக் கூடியதுதான் அது. தமிழில் படித்துக் கற்க 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழ் உண்டு.

டாங்கிள் வாங்கும்போது ஒரு விஷயம். பழைய 2ஜி, 3ஜி டாங்கிள் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடக் கூடாது. ஜியோவுக்கு ஆரம்பம் முதலே 2ஜி, 3ஜி கிடையாது, அந்த சிம் அதில் வேலை செய்யாது. மற்ற நிறுவனங்களும் 3ஜியை மூடி வருகின்றன. எந்த சிம் போடப் போகிறோமோ அதைக் கையில் கொண்டுபோய், கடையிலேயே செருகி, ஒரு செய்தி அனுப்பி ஒரு செய்தி வாங்கிப் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும். அளந்து பார்க்காமல் மூட்டை எடுப்பவர்களா நாம்?

நிரல் எழுதிக் கொடுத்தவர் நாளை பெங்களூர் போய்விடலாம். கடவுச்சொல், எதை எங்கே மாற்றுவது என்ற விவரம் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கி, கடையில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கச் செய்ய வேண்டும்.

தமிழில் அனுப்பினால் எழுத்துக் கணக்கு

ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து அடங்கும். தமிழ் என்றால் 70தான். மேலும், கணினி எழுத்து எண்ணும் முறை வேறு. 'பணம் பெற்றோம்' என்பது நம் கண்ணுக்கு 7 எழுத்து. கணினியோ புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணி, இடைவெளியையும் சேர்த்து 13 என்று கணக்குப் போடுகிறது. 70ஐத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் காசு பிடிப்பார்கள், தினசரி அளவிலும் இரண்டாகக் கழிப்பார்கள்.

இங்கேதான் தந்திக் காலத்துப் பழக்கம் கைகொடுக்கிறது. நாம் மேலே காட்டிய வரவுச் செய்தி கணினிக் கணக்கில் 37தான். தேதியும் ரசீது எண்ணும் சேர்க்க இன்னும் இடமிருக்கிறது. தமிழிலேயே அனுப்புங்கள். படிக்க இன்னொருவரைத் தேட வேண்டிய ரசீது ரசீதே அல்ல. மிகப் பழைய பொத்தான் போன் சிலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் அனுப்பலாம்.

ஆர்டர் வாங்குவதற்கும் இதே சுருக்கம் உதவும். பொருளுக்கு எண் கொடுத்து ஓர் அட்டை அடித்துக் கொடுத்துவிட்டால், '11 25, 14 10' என்று அனுப்பினால் போதும். கணினி உடனே 'துவரை 25, உளுந்து 10 கிலோ. சரியா?' என்று திருப்பிக் கேட்கும். எண் மாறியிருந்தால் சரக்கு ஏறும் முன்பே தெரிந்துவிடும். தமிழ் எழுதத் தெரியாத வட மாநிலத்துக் கடைக்காரருக்கும் எண் பொதுமொழி.

வாட்ஸ்அப் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கட்டும். பட்டியலும் படமும் அனுப்ப அது நல்லது. ஆனால் அதற்கு இணையம் வேண்டும், எதிராளியிடம் பெரிய போன் வேண்டும். நமது கணினி தானாகவே அதில் செய்தி அனுப்ப வேண்டுமானால் அந்த நிறுவனம் வியாபாரிகளுக்கென்று வைத்திருக்கும் கட்டண வழியில்தான் போக வேண்டும். குறுக்கு வழியில் போனால் எண்ணை முடக்கிவிடுகிறார்கள்.

எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது

கணினி கையில் வந்ததும் சிலருக்கு ஆசை பிறக்கும். 'பண்டிகைத் தள்ளுபடி' என்று ஊரில் உள்ள எண்களுக்கெல்லாம் அனுப்பினால் என்ன என்று தோன்றும். இதைச் செய்யவே கூடாது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, வியாபார விளம்பரச் செய்தியைச் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து அனுப்புவது தடை செய்யப்பட்டது. அனுப்புகிற நிறுவனம் 'டி.எல்.டி.' என்ற ஏட்டில் பதிவு செய்து, தன் பெயர்க் குறியீட்டையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். 2025இல் இவ்விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. பெயர்க் குறியீட்டின் கடைசியில் விளம்பரமா, சேவையா, பணப் பரிமாற்றமா, அரசுச் செய்தியா என்று காட்டும் ஆங்கில எழுத்தும் சேர்க்கப்பட்டது. பதிவில்லாமல் அனுப்பியது முதல் முறை நிரூபணமானால் வெளிப்போக்குச் சேவை 15 நாள் நிறுத்தப்படும். மறுபடியும் செய்தால் அவர் பேரில் உள்ள எல்லா இணைப்புகளும் ஒரு வருடம் துண்டிக்கப்படும். ஆண்டாண்டாகப் போர்டில் எழுதியிருக்கும் கடை எண் ஒரு வருடம் இல்லாமல் போனால் வியாபாரம் என்னவாகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

எனவே வரம்பை இப்படி வைத்துக்கொள்வோம். நமக்குக் கணக்கு உள்ள, நேரில் கேட்டு ஒப்புக்கொண்ட கடைகளுக்கு, அவர்களுடைய வரவு, ஆர்டர் பற்றி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மட்டும் அனுப்ப வேண்டும். சிம் திட்டங்களில் ஒரு நாளைக்கு 100 செய்தி என்ற அளவு வழக்கமாக உண்டு. சொந்த உபயோகத்துக்கென்று கொடுக்கப்படுவது அது. நமது செய்திகள் அதன் பக்கத்தில் நெருங்கத் தொடங்கினால், அல்லது விலைப்பட்டியலும் விளம்பரமும் அனுப்ப விரும்பினால், முறையாக டி.எல்.டி. பதிவு செய்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாகவே அனுப்ப வேண்டும். நமது லினக்ஸ் கணினி அப்போதும் வீணாகாது. டாங்கிளுக்குப் பதில் இணையம் வழியாக அந்த நிறுவனத்திடம் செய்தியை ஒப்படைக்கும், அவ்வளவே வித்தியாசம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

வங்கி ஓ.டி.பி. வரும் சிம்மை இந்தக் கணினியில் போடவே கூடாது. செய்திக் கணினிக்குத் தனி சிம், அதுவும் கடை அல்லது உரிமையாளர் பெயரில் முறையாக வாங்கியது இருக்க வேண்டும்.

'உங்கள் கணக்கில் இவ்வளவு வரவு' என்று போலிச் செய்தி காட்டிச் சரக்கை ஏற்றிப் போகும் மோசடி நடந்துகொண்டிருக்கிறது. பணம் வந்ததா என்பதற்குச் செய்தி சாட்சியல்ல, வங்கிக் கணக்கே சாட்சி. அதேபோல் பெரிய ஆர்டர் குறுஞ்செய்தியில் வந்தால், சரக்கு ஏற்றும் முன் அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும்.

குறுஞ்செய்தி சில வேளை தாமதமாகும், சில வேளை போகாமலும் போகும். 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர் பற்றிய வதந்தி பரவியபோது, ஒரு நாளைக்கு 5 செய்திக்கு மேல் அனுப்ப முடியாதபடி மத்திய அரசு சில நாள் கட்டுப்படுத்தியது, பிறகு 20 ஆக்கியது. ஆகவே ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட வேண்டாம். குறுஞ்செய்தி அதற்குத் துணை, அதற்கு மாற்று அல்ல. மாலையில் கடை சாத்தும் முன் கணினியின் வரவுப் பட்டியலையும் பையன் கொண்டுவந்த ரொக்கத்தையும் ரசீது அடிக்கட்டையையும் மூன்றாக வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் எல்லாக் கடைகளுக்கும் தொடங்க வேண்டாம். பழக்கமான பத்துக் கடைகளிடம் சொல்லி ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். அவர்களுக்குப் பிடித்தால் அடுத்த பத்துக் கடைகள் தாமாகவே கேட்கும். சங்க உறுப்பினர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, நிரல் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையை அமர்த்திக்கொண்டால் செலவும் பங்காகும். நாணயமே நமது முதல். கொடுத்த பணத்துக்குக் கொடுத்த நிமிடத்திலேயே கணக்குச் சொல்லும் வியாபாரியை எந்தக் கடைக்காரரும் விட்டுப் போக மாட்டார்.